கொள்ளும் எள்ளும்: நாட்டுக்கோழித் தீவனத்தில் சோயாவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

2021-ம் வருட ஆடி, ஆவணியைக் கோழி வளர்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சோயா பிண்ணாக்கு கிலோ நூறு ரூபாயை எட்டிப் பார்த்த நேரம் அது. நிலைமை முற்றிப் போய், மரபணு மாற்றிய சோயா பிண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ள அந்த ஆகஸ்டில் மத்திய அரசே அனுமதி கொடுத்தது. அது துறைமுகம் வந்து நம் ஊர்த் தீவனக் கடைக்கு எப்போது வருமென்று காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. வீட்டில் மானாவாரிக் கொள்ளு நாலு மூட்டை கிடந்தது. மிஷினில் கொடுத்துப் பச்சையாகவே அரைத்து, சோயாவை அறவே நிறுத்திவிட்டு, 8 வாரக் குஞ்சுகள் 200-க்கும் போட்டேன்.

மூன்று வாரத்தில் எச்சம் கூழானது. கூளம் ஈரமாகி, ஷெட்டுக்குள் போனாலே கண் எரிந்தது. தீனி மட்டும் குறையாமல் தின்றன, எடை ஏறவில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது குடல் வளைவுக்கு நடுவில் இருக்கும் கணையம் வழக்கத்தைவிடத் தடித்து, நீண்டு கிடந்தது. தப்பு கொள்ளு மேல் இல்லை, பக்குவம் தெரியாத என் மேல்தான். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கொள்ளை மையமாக வைத்துச் சொல்கிறேன். தட்டைப்பயறு, மொச்சை, வாளவரை, பூனைக்காலி போன்றவற்றுக்கு எங்கே வேறுபடும் என்பது பின்னால் வரும்.

முதலில் கணக்கு, அப்புறம் கொள்ளு

சோயா பிண்ணாக்கில் புரதம் சுமார் 45 சதவீதம். கொள்ளில் 22. அதாவது பாதிதான். 10 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 10 கிலோ கொள்ளைப் போட்டால் கோழிக்குப் பட்டினி என்றுதான் அர்த்தம். கொள்ளு பாதி தானியம், பாதி பிண்ணாக்கு. அதனால் அது சோயாவின் இடத்தையும் மக்காச்சோளத்தின் இடத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ளும். மக்காச்சோளத்தின் புரதத்தை 9 என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ கொள்ளு தரும் புரதத்தை 360 கிராம் சோயாவும் 640 கிராம் மக்காச்சோளமும் சேர்ந்து தரும்.

இந்த 36-க்கு 64 கணக்கு தெரிந்தால் கொள்ளுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பேச்சுக்கு, சோயா 50 ரூபாய், மக்காச்சோளம் 25 ரூபாய் என்று வையுங்கள். 0.36 × 50 என்றால் 18. 0.64 × 25 என்றால் 16. மொத்தம் 34 ரூபாய். வறுக்கும் கூலி, விறகு, கழிவு என்று கிலோவுக்கு 3 ரூபாய் கழித்தால், 31 ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கொள்ளு வாங்குவது நஷ்டம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மளிகைக் கடையில் விற்கிற முதல் தரக் கொள்ளு பெரும்பாலும் இந்தக் கணக்கில் தேறாது. தேறுவது மூன்று வகை: சொந்தக் காட்டில் விளைந்தது, சல்லடையில் கழிக்கிற பொடிக் கொள்ளும் உடைசலும், தை மாசியில் களத்திலேயே வாங்குவது.

கொள்ளு புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தையில் எடுக்கிற மானாவாரிப் பயிர். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வேறெதுவும் நிற்காத சரளை மண்ணிலும் இது நிற்கும். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 1, பையூர் 2 ரகங்கள் இந்த மண்ணுக்கென்றே வந்தவை. இந்தப் பக்கம் காடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது நேரடியாகப் பொருந்தும். தெற்கே இதையே காணம் என்பார்கள்.

பச்சைக் கொள்ளில் என்ன சிக்கல்

பயறு வகைகள் எல்லாமே தங்கள் விதையைக் காப்பாற்றிக்கொள்ள ஏதோ ஒரு வேலியைப் போட்டு வைத்திருக்கும். கொள்ளில் முக்கியமானது டிரிப்சின் தடுப்பான். புரதத்தைச் செரிக்க வைக்கிற டிரிப்சின் நொதியை இது கட்டிப்போட்டுவிடும். கோழியின் கணையம் ‘சரி, இன்னும் கொஞ்சம் சுரப்போம்’ என்று திரும்பத் திரும்பச் சுரந்து வீங்கும். தின்ற புரதமும் வீண், சுரந்த நொதியில் இருந்த புரதமும் வீண். என் கோழிகள் நிறையத் தின்றும் எடை ஏறாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, தோலில் இருக்கும் டானின். துவர்ப்பு. கறுப்புக் கொள்ளிலும் அடர்ந்த பழுப்புக் கொள்ளிலும் இது கூடுதல். மூன்றாவது, மனிதனுக்கும் வாயு உண்டாக்குகிற அந்தச் சர்க்கரைகள். கோழிக்கு எச்சம் இளகுவதில் இவற்றுக்குப் பங்குண்டு. நான்காவது பைட்டேட். மணிச்சத்தையும் சுண்ணாம்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

டிரிப்சின் தடுப்பான் ஈரச் சூட்டில் அழியும். டானினும் வாயுச் சர்க்கரையும் ஊறவைத்த தண்ணீரோடு ஓரளவு வெளியேறும். ஆகவே ஊறலும் சூடும் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

பக்குவம்: இங்கே நிதானம் வேண்டும்

ஒரு நாளைக்கு 20 கிலோ என்று ஆரம்பியுங்கள். எடுத்தவுடன் மூட்டைக் கணக்கில் இறங்க வேண்டாம்.

புடைத்தல் முதல் வேலை. கொள்ளில் கலந்திருக்கும் கல் கொள்ளு நிறத்திலேயே, கொள்ளு அளவிலேயே இருக்கும். முறத்தில் போகாத கல், தண்ணீரில் அரித்தால் அடியில் நின்றுவிடும். சொத்தையும் பயறு வண்டு துளைத்த கூடும் மேலே மிதக்கும், வழித்து எறியுங்கள். பூசணம் பிடித்த வாசனை அடித்தால் அந்த மூட்டையே வேண்டாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு போகாது.

சாயங்காலம், கொள்ளுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீர் தேநீர் நிறத்தில் நுரைத்து நிற்கும். அதைத் தென்னை மரத்துக்குக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசி, சாக்கில் கொட்டி ஒரு மணி நேரம் வடிய விடுங்கள்.

இதற்குப் பிறகு இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரிய அண்டாவில் கொதிக்க வைத்து அரை மணி நேரம், விரலால் நசுக்கினால் உடைகிற பதத்துக்கு வேகவைத்து, வடித்துச் சிமெண்டுக் களத்தில் இரண்டு வெயில் காய வைப்பது. பக்குவத்தில் இதுதான் உசத்தி. ஆனால் மழைக்காலத்தில் இதைப்போல் தலைவலி வேறில்லை. பாதி காய்ந்த வெந்த கொள்ளு ஒரே ராத்திரியில் பூத்துவிடும். வடித்த தண்ணீரை மாட்டின் கழனித் தொட்டியில் ஊற்றலாம்.

இன்னொன்று, வடிந்த ஈரத்தோடு வறுப்பது. நான் செய்வது இது. எங்கள் ஊரில் கடலை வறுக்கும் பெரியவரிடம் முதல் தடவை காய்ந்த கொள்ளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “இப்படியே போட்டா தோலு கருகிரும், உள்ள பச்சையா நிக்கும் தம்பி. நனைச்சு எடுத்துட்டு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் முழுச் சூத்திரமும் இருக்கிறது. உள்ளே ஈரம் இருந்தால்தான் வறுபடும்போது அது ஆவியாகிக் கொள்ளை உள்ளிருந்து வேகவைக்கும். வெறும் வறட்டுச் சூடு டிரிப்சின் தடுப்பானை அவ்வளவு சீக்கிரம் அழிக்காது.

மணல் சூடேறிய வாணலியில் இரண்டு கிலோ, மூன்று கிலோவாகப் போட்டு, கை விடாமல் கிளறுங்கள். முதலில் ஆவி கிளம்பும், பச்சைப் பயறு வாசனை தூக்கலாக வரும். ஆவி அடங்கியதும் தோல் அங்கங்கே வெடிக்கும், வாசனை மாறிச் சுண்டல் கடலை வறுபடுகிற மணம் வரும். அப்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே வெளிர் மஞ்சளாக, நாக்கில் பச்சை வாடை இல்லாமல் இருந்தால் இறக்கிவிடலாம். உள்ளே பழுப்பு ஏறிவிட்டால் அதிகம். அந்தக் கருகலில் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்குக் கிடைக்காமல் போகும். கொள்ளைப் போடுவதே பாதி லைசினுக்காகத்தான்.

ஆறிய பிறகு, ஆறிய பிறகு மட்டும், மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் வரும். அரைக்கும்போது மாவாக்க வேண்டாம், ரவைப் பதம் போதும். மாவாக இருந்தால் அலகில் ஒட்டி, தண்ணீர்த் தொட்டியில் போய்ச் சேரும். வறுத்த கொள்ளை முழுதாக வைத்துக்கொண்டு வாராவாரம் அரைப்பது நல்லது.

முளைகட்டிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புறக்கடையில் 15 கோழி வைத்திருப்பவர் தாராளமாகப் போடலாம், முளைக்கும்போது பைட்டேட்டும் வாயுச் சர்க்கரையும் குறையும். ஆனால் டிரிப்சின் தடுப்பானுக்கு முளை மட்டும் போதாது, ஒரு கொதி காட்டிப் போடுங்கள். 500 கோழிக்கு முளைகட்டுகிறேன் என்று இறங்கினால் ஈரமும் பூசணமும் உங்களை முந்திவிடும்.

கொள்ளுக்கு ஜோடி எள்ளு

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று பிரித்து வைத்த இரண்டையும் கோழித் தொட்டியில் சேர்த்தாக வேண்டும். எல்லாப் பயறுகளையும்போலக் கொள்ளிலும் லைசின் தாராளம், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் பஞ்சம். இறகுக்கும் முட்டைக்கும் மெத்தியோனின்தான் முதல் தேவை. எள்ளுப் பிண்ணாக்கு இதற்கு நேர் எதிர்: லைசின் குறைவு, மெத்தியோனின் ஏறக்குறைய 1 சதவீதம். சோயாவில் இருப்பது சுமார் 0.6.

சரி, அப்படியானால் எள்ளுப் பிண்ணாக்கை அள்ளிப் போடலாமே என்றால், அதிலும் ஆக்சலேட், பைட்டேட் உண்டு, சுண்ணாம்பைப் பிடித்துவிடும். விலையும் இடம் கொடுக்காது. 5 முதல் 7 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் குறைக்கு 100 கிலோ தீவனத்துக்கு டிஎல் மெத்தியோனின் தூள் 100 கிராம் போடுங்கள். இயற்கை முறையில் வளர்ப்பதால் அந்தத் தூள் வேண்டாம் என்பவர்கள் உப்புக் குறைந்த நல்ல மீன்தூள் 2 கிலோ சேர்த்து, சோயாவை 2 கிலோ குறைக்கலாம்.

கலவை: 8 வாரத்துக்கு மேற்பட்ட நாட்டுக்கோழிக்கு, 100 கிலோ

மக்காச்சோளம் 44 கிலோ
கம்பு 8 கிலோ
எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 12 கிலோ
பக்குவம் செய்த கொள்ளு 18 கிலோ
சோயா பிண்ணாக்கு 9 கிலோ
எள்ளுப் பிண்ணாக்கு 5 கிலோ
டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 1.5 கிலோ
கிளிஞ்சல் தூள் 1.5 கிலோ
தாது உப்பு, வைட்டமின் கலவை 500 கிராம்
உப்பு 300 கிராம்
டிஎல் மெத்தியோனின் 100 கிராம்
நச்சு ஒட்டி (பூசண நஞ்சைப் பிடித்துவைக்கும் தூள்) 100 கிராம்

புரதம் 16 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். கொள்ளு இல்லாமல் இதே கலவையைப் போட்டால் சோயா 16 கிலோ பிடிக்கும், இங்கே 9 கிலோ. ஆக, 100 கிலோ தீவனத்துக்கு 7 கிலோ சோயா மிச்சம். எரிசக்தி கொஞ்சம் குறையும், மக்காச்சோளத்துக்குக் கொள்ளு ஈடாகாது. ஓடித் திரிகிற நாட்டுக்கோழிக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது, தீனி லேசாகக் கூடும், அவ்வளவுதான்.

கலக்கும்போது மெத்தியோனின், உப்பு, தாது உப்பு, நச்சு ஒட்டி போன்ற சில்லறைச் சாமான்களை முதலில் 5 கிலோ தவிட்டில் நன்றாகப் பிசறிக்கொள்ளுங்கள். நேரடியாக 100 கிலோ குவியல்மேல் தூவினால் ஒரு மூலைக் கோழிக்கு உப்புக் கரிக்கும், இன்னொரு மூலைக்கு ஒன்றும் போய்ச் சேராது. மண்வெட்டியால் மூன்று தடவை இடம் மாற்றிக் குவித்தால் போதும்.

வயதுக்கு ஏற்ற அளவைப் பொறுத்தவரை என் கை அளவு இது. 6 வாரம் வரையுள்ள குஞ்சுக்குக் கொள்ளே வேண்டாம், அந்தக் குடலுக்கு அது பாரம். 8 வாரத்துக்கு மேல் 15 முதல் 18 சதவீதம். முட்டைக் கோழிக்கு 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள், மெத்தியோனின் குறைந்தால் முதலில் முட்டையின் எடை இறங்கும், எண்ணிக்கை அப்புறம்தான். கிளிஞ்சலைத் தனித் தொட்டியிலும் வையுங்கள். பிராய்லருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டவேண்டிய பறவைக்குச் சோயாவின் அடர்த்தி வேண்டும். கொள்ளில் மிச்சம் பிடித்த காசு எடையில் போய்விடும்.

மற்ற பயறுகள்

தட்டைப்பயறு இந்தக் கூட்டத்தில் சாது. புரதம் 23 முதல் 25, வேலியும் கொள்ளைவிட லேசு. வறுத்துக் கொள்ளின் இடத்தில் அப்படியே போடலாம். விலை மட்டும் ஒத்துவர வேண்டும். மொச்சையை வேகவைக்காமல் போடவே கூடாது. சயனைடு விடும் பொருள் சில ரகங்களில் உண்டு, கோழிக்கும் அதன் ருசி பிடிக்காது. உளுந்து, துவரை மில்களில் கிடைக்கும் பொட்டு நார் மிகுந்தது, மாட்டுக்கு ஆகும். கோழிக்கு வேண்டியது குருணை. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் விற்கப் பார்ப்பார், கையில் அள்ளிப் பார்த்து வாங்குங்கள்.

வாளவரை இனத்தில் புரதம் 30 சதவீதத்தை நெருங்கும், வேலியோரத்தில் சும்மாவே காய்க்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கனவானின் என்று ஒன்று இருக்கிறது, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் வேஷத்தில் உடம்புக்குள் புகுந்து புரதத்தையே கோளாறாக்கும். சூட்டுக்கு அது அசையாது, தண்ணீரில்தான் கரையும். உடைத்து, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்ட வேண்டும். அப்படியும் 5 சதவீதத்துக்கு மேல் நான் போக மாட்டேன். இந்த இனத்துக்கு அறிவியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1926-ல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர் முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிக் காட்டியது இதன் விதையிலிருந்துதான். யூரியேஸ் என்ற அந்த நொதிக்காக 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதில் பாடம், மாட்டுத் தீவனத்தில் யூரியா சேர்ப்பவர்கள் பச்சை வாளவரையை அதோடு சேர்க்கக் கூடாது என்பது. யூரியா முழுவதும் அம்மோனியாவாகிவிடும்.

பூனைக்காலியில் எல்-டோப்பா இருக்கிறது, நரம்பு வைத்தியத்துக்கு உதவும் அதே பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிக்காரர்கள் இதைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டித்தான் சாப்பிடுகிறார்கள். அவ்வளவு விறகு கோழித் தீவனத்துக்குக் கட்டுபடியாகுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சவுண்டல் இலையைக் காய வைத்துத் தூளாக்கி முட்டைக் கோழிக்கு 3 முதல் 5 சதவீதம் போட்டால் மஞ்சள் கரு நல்ல நிறம் பிடிக்கும். மிமோசின் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். அகத்தி ஆட்டுக்கு அமிர்தம், கோழிக்கு ஒத்துக்கொள்ளாது.

மாற்றுவது எப்படி, கவனிப்பது எதை

ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தீவனத்தில் கால் பங்கு புதியது மூன்று நாள், பாதி மூன்று நாள், முக்கால் மூன்று நாள், பத்தாம் நாள் முழுதாக. எல்லாக் கோழிக்கும் போடுவதற்கு முன் ஒரே வயது, ஒரே எடையில் 50 கோழியைத் தடுப்புக் கட்டிப் பிரித்து, பழைய தீவனம் தின்னும் இன்னொரு 50-ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கோழிக்குக் காலில் நூல் கட்டி, வாரம் ஒருமுறை, காலையில் தீனி வைக்கும் முன் எடை போடுங்கள். தின்ற தீவனத்தையும் எழுதி வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு எத்தனை ரூபாய்த் தீவனம் ஆனது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். தீவனத்தின் மூட்டை விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஷெட்டில் நுழைந்ததும் மூக்குதான் முதல் கருவி. அம்மோனியா நெடி கூடினால், கூளத்தைப் பிடித்துக் கையில் உருண்டை வந்தால், புரதம் செரிக்காமல் போகிறது. கொள்ளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வறுத்ததில் ஒரு பிடியைக் கடித்துப் பாருங்கள். கோழிகள் ஒன்றையொன்று இறகு பிடுங்கினால் மெத்தியோனினும் உப்பும் சரியாகக் கலந்ததா என்று பாருங்கள், இடநெருக்கடியும் காரணமாக இருக்கலாம்.

புதுக் களத்துக் கொள்ளு வாங்கும்போதெல்லாம் அரைக் கிலோ சாம்பிளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பிப் புரதம், ஈரப்பதம், அஃப்ளாடாக்சின் மூன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சோயா வெந்ததா என்று பார்க்கச் செய்யும் யூரியேஸ் சோதனையை நம்பிக் கொள்ளுக்குப் பக்குவம் பார்க்க முடியாது. கொள்ளுக்கு நம்பகமான சோதனை கோழியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஆறாவது வாரம், இரண்டு தடுப்பிலிருந்தும் ஒரே எடையில் இரண்டிரண்டு கோழி எடுத்து அறுங்கள். இரைப்பையை அடுத்துக் குடல் கொண்டை ஊசிபோல வளையும். அந்த வளைவின் நடுவில் நாக்குப்போல, வெளிறிய ரோஜா நிறத்தில் இருப்பதுதான் கணையம். அதை மட்டும் பிரித்து, நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன மின்தராசில் வையுங்கள். பழைய தீவனக் கோழிக்கு 3 கிராம் வந்து, கொள்ளுக் கோழிக்கும் அதையொட்டி வந்தால் உங்கள் பக்குவம் சரி, அடுத்த பத்து மூட்டைக்குச் சொல்லிவிடலாம். நாலரை, ஐந்து என்று ஏறியிருந்தால் கொள்ளு இன்னும் பச்சையாகத்தான் போகிறது. நனைத்துக்கொண்டு மறுபடி வாணலிக்குப் போங்கள்.